கிராணி வீட்டு மெஷின் சத்தம்

அன்பு மாறாத அப்பாவுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக ஜன்னலைச் சாத்தினேன். கோப்பிக்குத் தண்ணீர்கூட வைக்கவில்லை. முன்னறை ஜன்னல்கள் இரண்டையும் இழுத்துக் கொக்கி போட்டு, திரையையும் இழுத்துவிட்டேன். ஈப்போவில் சில நாட்களாக மழை இல்லை, விடியும்போதே புழுக்கம். பின்னாலிருந்து அம்மா குரல் கொடுத்தார். "எதுக்கு லா வீட்ட இப்படி அடைச்சு வைக்கிற? வேக்காடு தாங்கல."

"தூசி வருதும்மா" என்றேன். தூசி ஒன்றும் வரவில்லை.

சாப்பாட்டு மேசையில் இரண்டு தட்டச்சு மெஷின்கள் இருக்கின்றன. ஒன்று உங்களுடையது. கைப்பெட்டி மாதிரி மூடித் தூக்கிக்கொண்டு போவீர்களே, அதேதான். கைப்பிடி போய்விட்டது, கம்பி கட்டியிருக்கிறேன். மற்றது மின்சாரத்தில் ஓடுவது, புதியது, பிளாஸ்டிக் உறைகூடக் கலையவில்லை. பழையதைப் பழுதுபார்ப்பதா, புதியதை வைத்துக்கொள்வதா? சாதாரணக் கேள்விதான். அதற்காக ஒருத்தி விடியற்காலையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு செத்துப்போன அப்பாவுக்குக் கடிதம் எழுத வேண்டியதில்லை.

ஆனாலும் எழுதுகிறேன். பேனாவால் எழுதுகிறேன். உங்களிடம் கேட்க எனக்கு ஒரே ஒரு கேள்வி இருக்கிறது. நீங்கள் இருந்தவரை அதைக் கேட்க வேண்டுமென்று தோன்றவே இல்லை.

முதலில் உங்கள் மெஷினின் உடம்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தாளைச் சுமந்துகொண்டு நகரும் மேல்வண்டியை உள்ளேயிருந்து ஒரு நாடா இழுக்குமல்லவா, அது அறுந்துவிட்டது. இரண்டு மூன்று எழுத்துகள் மேலே போனால் அங்கேயே ஒட்டிக்கொள்கின்றன. வரி முடியும்போது அடிக்கும் மணிக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அது அப்படியே கணீரென்று இருக்கிறது.

பழைய டவுனில் ஒரு கடையின் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து பழுதுபார்க்கும் சீனரிடம் தூக்கிக்கொண்டு போனேன். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "சுடா துவா லா, மிஸ்ஸி" என்றார். வயதாகிவிட்டதாம். "எனக்கும்தான்" என்று மலாயில் சொன்னேன். சிரித்தார். இதே ரகத்தில் ஓடாத மெஷின் ஒன்று தன்னிடம் கிடப்பதாகவும், அதன் நாடாவைக் கழற்றி இதில் மாட்டலாமென்றும் சொன்னார். வேறொருவரும் அதைக் கேட்டிருக்கிறாராம். இந்த வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம். அதுவரை சமாளிக்க ஒரு கயிற்றைக் கட்டிக் கொடுத்தார். மெஷின் ஓடுகிறது, நொண்டி நொண்டி.

மறுநாளே தேவராஜ் புதிய மெஷினோடு வந்து நின்றார்.

உங்களுக்கு அவரைத் தெரியாது. நான் காரியதரிசியாக இருக்கும் கம்பெனியின் மேனேஜர். என்னைவிட இளையவர். பீடோர் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, படித்து மேலே வந்தவர். எங்கள் கம்பெனி ரப்பர் தோட்டங்களை வாங்கி, மரங்களைச் சாய்த்து, வீட்டு மனை போடுகிறது. காம்பார் பக்கம் ஈயச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடுகிறார்கள், ஊரில் எல்லாருக்கும் வேலையைப் பற்றிப் பயம். இந்தச் சமயத்திலும் எனக்குச் சம்பளம் வருகிறது, குடியிருக்க வீடும் இருக்கிறது. வீடு கம்பெனியுடையது. வேலை இருக்கும்வரை வீடு. உங்களுக்குப் பழக்கமான ஏற்பாடுதான். தோட்டத்துக் கணக்குப்பிள்ளை வேலையிலிருந்து நீங்கள் ஓய்வு பெற்ற வாரமே கிராணி வீட்டைக் காலி செய்து, அம்மாவின் தையல் மெஷினை லாரியில் ஏற்றினோமே.

தேவராஜ் காரின் பின்பக்கத்திலிருந்து தானே மெஷினைத் தூக்கி வந்து மேசையில் வைத்தார். "அக்கா, ஒங்க பழசு படுத்துக்கிச்சாமே? இந்தாங்க. கரண்ட்ல ஓடும். தொட்டா போதும், பஞ்சு மாதிரி. சத்தம் அடுத்த ரூமுக்குக்கூடப் போவாது."

"ஆபீஸ்லதான் மெஷின் இருக்கே தம்பி. வீட்டுக்கு எதுக்கு?"

"ஆபீஸ்ல காது ஜாஸ்தி லா அக்கா. ரெண்டு பேரு அந்தத் தோட்டத்துல சம்பந்தம் பண்ணவங்க. இது வீட்டுலயே முடிக்க வேண்டிய வேல."

எந்தத் தோட்டம் என்று கேட்டேன். கேட்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

நம் தோட்டம்தான் அப்பா. வாங்கிவிட்டார்கள். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களை இடிக்கப் போகிறார்கள். குடும்பத்துக்கு ஒரு தாள், ஆங்கிலத்தில். 'வீட்டை என் விருப்பத்தோடு காலி செய்கிறேன், இனி எந்த உரிமையும் கேட்க மாட்டேன்.' நான் ஒவ்வொரு தாளிலும் ஒரு பெயரை அடித்துக் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை சம்பள நாள். சம்பளத் தாளோடு சேர்த்து இதையும் நீட்டிக் கைநாட்டு வாங்கிவிடுவார்கள். நம் ஆட்களை உங்களுக்குத் தெரியும். சம்பள மேசையில் எதை நீட்டினாலும் கட்டைவிரலை வைத்துவிட்டு நகர்வார்கள். பின்னால் வரிசை நிற்கிறதே.

"படிச்சுச் சொல்லுவீங்களா அவங்களுக்கு?"

"சொன்னா எவன் வைப்பான் கைநாட்டு?" தேவராஜ் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, அலுத்துப்போன சிரிப்பு. "எங்கம்மாவும் பாலுக்கு மரம் வெட்டுனவங்கதான் அக்கா. எனக்கு மட்டும் ஆசையா? இழுத்துக்கிட்டே போனா அவங்களுக்குத்தான் கஷ்டம். ஒரே நாள்ல முடிஞ்சா நல்லது."

போன மாதம்தான் இவர் நம் தோட்டத்துக் கோயில் முன்னால் நின்று, யாரும் எங்கேயும் போக வேண்டியதில்லை என்று பேசினார். கை தட்டினார்களாம். மாலை போட்டார்களாம்.

புறப்படும்போது, "வேல முடிஞ்சா மெஷின் ஒங்களுக்கே. பழசத் தூக்கி இரும்புக்காரன்கிட்ட போடுங்க" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டே, "அம்மாவுக்கு இந்த வீடு வசதியா இருக்கா? வயசான காலத்துல அலைய வைக்கக் கூடாது" என்று விசாரித்தார். காரில் ஏறுவதற்கு முன் திரும்பி ஜன்னலைப் பார்த்தார்.

"அடிக்கும்போது இத மட்டும் சாத்திக்குங்க."

அப்போதுதான் உங்கள் ஜன்னல் நினைவுக்கு வந்தது.

துரை உங்களுக்கு அந்த மெஷினைக் கொடுத்ததும் இதே காரணத்துக்குத்தானே? ஆபீசில் அடித்தால் விஷயம் வெளியே போய்விடும் என்று. சிவப்பு ஐசி, அதாவது சிவப்பு அடையாள அட்டை, வைத்திருந்தவர்களுக்குக் குடியுரிமை இல்லை, பெர்மிட் இல்லை, வேலை இல்லை என்று ஆன காலம் அது. நான் அப்போது ஈப்போவில் ஒரு தனியார் பள்ளியில் சுருக்கெழுத்துச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சனி ஞாயிறு வீட்டுக்கு வருவேன். சில சனிக்கிழமைகளில் நீங்கள் மதியச் சாப்பாடு முடிந்ததும் யாரிடமும் பேசாமல் முன்னறையில் உட்கார்ந்து, சிவப்பு ஐசிக்காரர்களை வேலையிலிருந்து நிறுத்தும் நோட்டீஸ்களை அடிக்கத் தொடங்குவீர்கள்.

மற்ற நாளெல்லாம் அந்த ஜன்னல் மூடியே கிடக்கும். ரப்பர் ஸ்டோர் நாற்றம் உங்களுக்கு ஆகாது. நோட்டீஸ் அடிக்கும் நாளில் மட்டும் இரண்டு கதவையும் விரியத் திறந்து வைப்பீர்கள். கால்வாய்க்கு அந்தப் பக்கம் முதல் லயம். தட் தட் தட் என்று போகும், மணி அடிக்கும், வண்டி திரும்பும், மறுபடி தட் தட். குழாயடியில் பேச்சு நிற்கும். யார் வீட்டிலோ ரேடியோவை அணைப்பார்கள். ஒரு பெண் பிள்ளையைக் கூப்பிடும் சத்தம் மட்டும் கேட்கும். அப்புறம் அதுவும் இல்லை. மறுநாள் விடியற்காலை பிரட்டில் ஆள் கணக்கு எடுக்கும்போது பெயர்களைப் படிப்பார்கள்.

எனக்கு அது அதிகாரம் காட்டுவதாகத்தான் பட்டது. அம்மாவுக்கும் அப்படித்தான். "ஒங்கப்பா அடிக்கிறது ஊருக்கே கேக்கணும்" என்று சமையலறையில் முணுமுணுப்பார். நீங்கள் இறந்தபோது தோட்டத்திலிருந்து அதிகம் பேர் வரவில்லை. முதல் லயத்துப் பாக்கியம் வந்தாள். நான்கு வீடு தள்ளி நின்றுவிட்டுப் போனாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாக்கியம் வீட்டுக்கு வந்தாள். கண் டாக்டரைப் பார்க்க மறுநாள் போக வேண்டும், தங்கிவிட்டுப் போகலாம் என்று, ஒரு பை மரவள்ளிக்கிழங்கோடு. என் வயதுதான் அவளுக்கும். இருவருக்கும் நரை விழுந்துவிட்டது. இன்னமும் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறாள். சமையலறைத் தரையில் அம்மாவோடு உட்கார்ந்து கிழங்கு உரித்தாள். அவர்கள் இருவரும் தோட்டத்தில் வேலை மேற்பார்த்த யாரோ ஒரு தண்டலின் இரண்டாம் கல்யாணத்தைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் அந்தச் சிரிப்பிலிருந்து தப்பித்து முன்னறைக்கு வந்தேன். பாக்கியத்தின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தேவராஜ் கொடுத்த பெயர்களில் முதல் லயத்து முதல் வீடு அவளுடையது. கைக்கு ஏதாவது வேலை வேண்டுமென்று உங்கள் மெஷினில் ஒரு தாளைச் சொருகி, ஓடுகிறதா என்று பார்க்க இரண்டு வரி அடித்தேன். மணி அடித்தது.

சமையலறையில் சிரிப்பு நின்றது.

நிமிர்ந்து பார்த்தேன். பாக்கியம் வாசற்படியில் நின்றிருந்தாள். கையில் பாதி உரித்த கிழங்கு. உதடு வெளுத்திருந்தது.

"யாருக்கு பாப்பா?"

"என்ன யாருக்கு?"

"அதான்... யாருக்கு?"

"ஒன்னுமில்ல பாக்கியம். மெஷின் ஓடுதான்னு பாக்குறேன். சும்மா."

அவள் சுவரில் சாய்ந்து மூச்சு விட்டாள். அப்புறம் தன்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டாள். "ச்சே, என்னா புத்தி பாரு. கிராணி ஐயா போயி இத்தன வருசமாச்சு, இந்த மணிச் சத்தம் இன்னும் போவல."

அவள்தான் சொன்னாள், அப்பா. நம் வீட்டில் மணி அடித்தால் அவள் அம்மா அடுப்பை அணைத்துவிடுவாளாம். வாசலுக்கு வாசல் அதே கேள்விதானாம், யாருக்கு, யாருக்கு என்று. "பேரு தெரியாதுல்ல? அதனால அத்தன பேரும் அன்னிக்கே கெழங்கத் தோண்டிருவோம். ஆடு கோழியக் கொண்டுபோயி பக்கத்து மலாய்க் கம்பத்துல வித்துருவோம். காலையில நோட்டீச நீட்டிட்டா, தோட்டத்து மண்ணுல இருக்கிற எதையும் தொட வுட மாட்டான். எங்கப்பா சைக்கிள எடுத்துக்கிட்டு அன்னிக்கு மத்தியானமே யூனியன் ஆபீசுக்கு ஓடுனாரு. அதனாலதான் எங்கம்மா பேருல வீடு நின்னுச்சு. அவருதான் இந்தியாவுக்குக் கப்பல் ஏறிட்டாரு."

"அப்பா ஜன்னலத் தொறந்து வச்சுத்தான் அடிப்பாரு, இல்ல?"

"ஆமா. எங்கம்மா சொல்லும், ஐயா நமக்குக் கேக்கணும்னுதான் தொறந்து வக்கிறாருன்னு. பெரியப்பா ஒத்துக்கவே மாட்டாரு. திமிரு புடிச்சவன், பயங்காட்டுறான்னு திட்டுவாரு." அவள் தோளைக் குலுக்கினாள். "ஐயா வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னதில்ல. யாருக்குத் தெரியும்?"

நான் வாயைத் திறந்தேன். இதை நீங்கள் கேட்க வேண்டும். "பாக்கியம், சனிக்கெழம சம்பள மேசையில பாக்காம எதுலயும் கைநாட்டு வைக்காத" என்றேன்.

"அலா, சம்பளம் வாங்கக் கைநாட்டு வைக்காம மூக்கையா வக்கிறது?" அவள் சிரித்தாள். நான் விடவில்லை. புதுக் கம்பெனி லயத்தை இடிக்கப் போகிறது என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். அவள் என் கையைத் தட்டினாள். "அந்தப் பேச்செல்லாம் போன மாசமே ஓடுச்சு. மேனேஜர் தம்பி கோயில்ல நின்னு சொல்லிட்டாரு, ஒன்னும் ஆவாதுன்னு. நம்ம ஆளு பாப்பா அவரு. நாங்க தைரியமா வீட்டுக்குச் சிமெண்டுகூடப் போட்டுட்டோம்."

மெஷினின் இரண்டு வரிச் சத்தத்துக்கு உதடு வெளுத்தவள், நான் சொன்னதை நம்பவில்லை.

மறுநாள் கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்கிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டாள். இன்று புதன்கிழமை. நாளை மாலைக்குள் தேவராஜுக்குத் தாள்கள் வேண்டும்.

காலையில் ஜன்னலைச் சாத்திய பிறகு, புதிய மெஷினின் உறையைக் கழற்றி, செருகியை மாட்டி, பாக்கியத்தின் பெயரை அடித்தேன். இன்னார் மகள் என்று அவள் அப்பா பெயரையும் சேர்த்து அடித்தேன். ஒரு மெல்லிய உறுமல் மட்டும் இருந்தது. எழுத்துகள் மழைத்துளி பஞ்சில் விழுவது போல விழுந்தன. மணி கிடையாது. அம்மா பின்னால் பசியாறிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. தாள் முடிந்து வெளியே வந்தது. ஒரு வீடு போய்விட்டது, பக்கத்து அறைக்குக்கூடத் தெரியாமல்.

உங்கள் மெஷினில் ஒரு பெயர் விழுந்தால் ஒரு லயமே பயந்தது. இதில் விழுந்தால் யாரும் பயப்படப் போவதில்லை. சனிக்கிழமை வெயிலில் வரிசையில் நின்று, பேசிச் சிரித்துக்கொண்டு, ஒவ்வொருவராக விரலை மையில் தோய்ப்பார்கள்.

எழுந்துபோய் அம்மாவிடம் கேட்டேன். "நோட்டீஸ் அடிக்கும்போது அப்பா ஏன்மா ஜன்னலத் தொறந்து வைப்பாரு?"

"காத்துக்குத்தான். வேற என்னத்துக்கு?" ரொட்டியைக் கோப்பியில் தோய்த்தபடி இருந்தார். நான் திரும்பி நடக்கும்போது, "ஒரு தடவ பலத்த மழ. சாரல் உள்ள வந்து தாளெல்லாம் நனஞ்சு போச்சு. சாத்துங்கன்னேன். சாத்தவே மாட்டேன்னுட்டாரு. நனஞ்சதக் கிழிச்சுப் போட்டுட்டு மறுபடியும் மொதல்லேருந்து அடிச்சாரு" என்றார்.

அப்பா, ஏன் சாத்தவில்லை?

காற்றுக்காகவா? மழைநாளில் என்ன காற்று? நீங்கள் அதிகாரத்தைத்தான் காட்டினீர்களா? அல்லது வாயால் சொல்ல முடியாததை விரலால் சொல்லிக்கொண்டிருந்தீர்களா? எதுவாக இருந்தாலும் அந்தப் பெயர்களை அடித்தது நீங்கள்தான். அதை நான் மறக்கப் போவதில்லை. பாக்கியத்தின் அப்பா கப்பல் ஏறியது உங்கள் தாளால்தான். அவள் வீடு நின்றது உங்கள் ஜன்னலாலா என்றுதான் எனக்குத் தெரிய வேண்டும். யாரைக் கேட்பேன்?

புதிய மெஷினின் செருகியைப் பிடுங்கிவிட்டேன். அதை உறைக்குள் போட்டுக் கட்டியும் வைத்தாயிற்று. திரும்பப் போகட்டும்.

இனிமேல் எழுதுவதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவுக்கும் தெரியாது. இந்தக் கடிதத்தை ஏதாவது ஞாயிறு இதழுக்கு அனுப்பலாமென்று இருக்கிறேன். அது அச்சில் வருவதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். அதற்குள் நடக்க வேண்டியது நடந்து முடிந்திருக்கும். படிப்பவர்களுக்கு இந்த வீட்டு விலாசத்தில் நாங்கள் கிடைக்காமல் போகலாம்.

இன்றே பழைய டவுனுக்குப் போய் அந்த நாடாவை மாட்டச் சொல்லப் போகிறேன். ஒட்டிக்கொள்ளும் எழுத்துகளையும் சரிசெய்யச் சொல்வேன். மணியைத் தொட வேண்டாம் என்பேன். நாளை எனக்குக் காய்ச்சல் என்று தேவராஜிடம் சொல்லிவிடலாம், ஒருநாள் தாங்கும். வெள்ளிக்கிழமை உங்கள் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு காம்பார் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறுவேன். பால்மரம் வெட்டப் போனவர்கள் குளித்துச் சாப்பிட்டு வீட்டில் இருக்கும் நேரம் பார்த்து இறங்குவேன்.

கிராணி வீடு இப்போது பூட்டிக் கிடக்கிறது. புதுக் கம்பெனி வந்தபின் கிராணியே கிடையாது. ஜன்னலுக்குக் கதவும் இல்லை என்று பாக்கியம் சொன்னாள். யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். நல்லதாகப் போயிற்று, யாரும் சாத்த முடியாது. அதன் கீழே முன்படியில் உட்கார்ந்து, முதல் லயத்தைப் பார்த்தபடி அடிப்பேன். இன்று அடித்த அந்த ஒரு தாளைப் பையில் வைத்திருப்பேன், தமிழில் படித்துச் சொல்ல.

பயமாகத்தான் இருக்கிறது. இளையவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியாது. பைத்தியம் என்று நினைக்கலாம். தெரிந்தவர்கள் நான்கு வீடு தள்ளி நின்று என்னைச் சபிக்கலாம், உங்களைச் சபித்த மாதிரி. யாராவது சாயங்காலத்துக்குள் தேவராஜுக்குப் போன் போட்டுவிடுவார்கள். அப்புறம் இந்த வீட்டுக்கு ஒரு தாள் வரும். அதை யார் அடிப்பார்கள் என்று தெரியவில்லை. அம்மாவின் தையல் மெஷினை மறுபடி லாரியில் ஏற்ற வேண்டியிருக்கும்.

ஆனால் குழாயடியில் பேச்சு நிற்கும். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். யார் வீட்டு ரேடியோவோ அணையும். ஒரு வாசல் திறக்கும். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பாக்கியம் கால்வாயைத் தாண்டி வந்து நின்று, "யாருக்கு பாப்பா?" என்று கேட்பாள்.

நீங்கள் ஒருநாளும் அதற்குப் பதில் சொன்னதில்லை. நான் சொல்லுவேன் அப்பா. இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. அடிப்பதை நிறுத்திவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து, "எல்லாருக்கும்" என்று சொல்லுவேன்.

உங்கள் மூத்த மகள்,
கிராணி வீட்டு ரோசலின்